சாமி முகத்தில் போட்ட துண்டு

போன வாரம் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பரீட்சை போலிருக்கிறது. ஒருத்தி புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி ஒப்பித்தாள். "ஆங்கிலேயர் ஆட்சியால் விளைந்த நன்மைகள்: ரயில், தபால், தந்தி, ஆங்கிலக் கல்வி."

நான் சும்மா இருக்கிற ஆளா? கம்பிக்கு மேலே தலையை நீட்டி, "யாருக்கு?" என்றேன்.

"என்ன ஆன்ட்டி?"

"நன்மைன்னு சொல்லுதியே தாயி, யாருக்கு?"

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. ஒருத்தி சிரித்தாள். மற்றவள் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை மேலும் கீழும் துழாவினாள், பதில் எங்கேயாவது அச்சாகியிருக்குமோ என்று. பிறகு இருவரும் சேர்ந்து என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதே தெரியவில்லை. "என்ன ஆச்சி, பாடம் எடுத்து முடிச்சாச்சா, வண்டியத் திருப்பட்டுமா?" என்றார் கண்டக்டர்.

என் வயதுக்காரர்களே, அந்த ஒற்றைச் சொல் என் சொந்தச் சரக்கு இல்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். மீதிப் படிப்பை பஸ் ஸ்டாண்டிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் நாலு பேர் பேசக் கேட்டுப் படித்தேன். ஆனால் அந்தச் சொல்லை எனக்குக் கொடுத்தது எட்டாம் வகுப்பு. தையில் தொடங்கிப் பங்குனியில் முடிந்த ஒரு பருவம். அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு ராஜபாளையத்தில் ஏட்டு உத்தியோகம். நாங்கள் இருந்தது போலீஸ் லைன் வீடு. ஒரே நீளக் கட்டடத்தைத் தடுத்துத் தடுத்து ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்திருப்பார்கள். இந்த வீட்டில் கடுகு வெடித்தால் மூன்றாம் வீட்டில் தும்முவார்கள். மில் சங்கு ஊதினால் எழுந்திருப்போம், மறுபடி ஊதினால் சாப்பிடுவோம். காற்றடிக்கிற நாளில் பஞ்சுத் துகள் பறந்து வந்து ஈரக் கோலத்தில் ஒட்டிக்கொள்ளும். மேற்கே பார்த்தால் மலை, அம்புட்டுக் கிட்டத்தில். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும்.

காலையில் எனக்கு ஒரு வேலை உண்டு. அப்பாவின் பட்டை வாரில் இருக்கும் பித்தளைக் கொக்கியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து என் முகம் தெரிகிற மாதிரி மினுக்க வேண்டும். வார் எங்கே போயிற்றோ, அந்தப் புளித்த வாசனை மட்டும் என் விரலை விட்டுப் போகவில்லை. அப்பா அதை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் முற்றத்தில் வரிசையில் நிற்பார். இன்ஸ்பெக்டர் பெயர் பெயராகக் கூப்பிடுவார். அப்பா தன் பெயருக்கு ஒரு சத்தம் கொடுப்பார் பாருங்கள், லைன் வீட்டு நாயெல்லாம் எழுந்து நிற்கும்.

அந்தத் தை மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு வரலாற்று டீச்சர் வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்கள். ஒல்லி உடம்பு, பெரிய சிரிப்பு. முதல் நாள் வகுப்புக்கு வந்ததும், முந்தைய வாத்தியார் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போயிருந்ததைப் பார்த்தார்கள். 'ஆங்கிலேயர் ஆட்சியின் நன்மைகள்'. அழிக்கப் போகிறார்கள் என்று நினைத்தோம். அழிக்கவில்லை. பக்கத்தில் ஒரு சொல் எழுதினார்கள்: 'யாருக்கு?' எழுதிவிட்டு, கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றுவிட்டார்கள்.

நாங்கள் காத்திருந்தோம். அவர்களும் காத்திருந்தார்கள். கடைசியில் முன் பெஞ்சுக்காரன் எழுந்து, "நீங்கதான டீச்சர் சொல்லணும்?" என்றான்.

"நான் சொன்னா அது என் பதிலாகிப் போகும்லே. ஒனக்கு வேண்டாமா ஒண்ணு?"

அவ்வளவுதான், பிள்ளைகளுக்குப் பித்துப் பிடித்துக்கொண்டது. ரயில் யாருக்கு? பருத்தி மூட்டை போகவா, ஆள் போகவா? தபால் யாருக்கு? ஒரு வாரத்தில் அந்தச் சொல் ராஜபாளையம் முழுக்கப் பரவிவிட்டது என்றே வையுங்கள். வீட்டில் அம்மா, "சோறு ஆயிட்டு, வா" என்பாள். "யாருக்கு?" என்பேன். கரண்டிக் காம்பால் ஒன்று விழும். "வலி யாருக்குன்னு இப்பக் கேளுட்டி" என்பாள் அம்மா.

டீச்சர் செய்த இன்னொரு காரியம் நாற்காலி. கைப்பிடி வைத்த ஆசிரியர் நாற்காலியை வகுப்பின் நடுவே இழுத்துப் போட்டார்கள். பதில் தெரிந்தவர்களுக்கு அது கிடையாது. யாரிடம் கேள்வி இருக்கிறதோ அவர்தான் உட்காரலாம். டீச்சருக்கே கேள்வி இருந்தால்தான் டீச்சருக்கு நாற்காலி. மரம் வழுவழுவென்று, உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. அதில் ஒரு முறையாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று நாங்கள் கேள்வி தேடி அலைந்தோம்.

ஒரு நாள் சொன்னார்கள். "வெள்ளைக்காரன் போயாச்சு. ஆனா உங்க வீட்டுல அவன் விட்டுட்டுப் போனது ஏதாவது கிடக்கும். பொருளா இருக்கலாம், பழக்கமா இருக்கலாம், ஒரு பயமாக்கூட இருக்கலாம். தேடிக் கொண்டாங்க. கூடவே பதில் தெரியாத கேள்வி ஒண்ணும் கொண்டாங்க. வெள்ளிக்கிழமைதோறும் ரெண்டு பேரு, மூணு பேரா நாற்காலியில உக்காருங்க."

அந்த வெள்ளிக்கிழமைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் கால் தரையில் நிற்காது. தெருவில் கடை வைத்திருந்த பாயின் மகன், ராசா தலை போட்ட பழைய செப்புக் காசு ஒன்றைக் கொண்டுவந்தான். "எங்க கடை மேசைக்கு ஒரு காலு குட்டை. அதுக்குக் கீழதான் ராசா இம்புட்டு நாளும் படுத்திருந்தாரு. இன்னைக்கு எடுத்துட்டு வந்துட்டேன், மேசை ஆடுதுன்னு அத்தா திட்டுதாக" என்றான். அவன் கேள்வி: "கண்ணால பாக்காத ராசாவுக்கு எங்க ஊர்க்காரன் எதுக்குப் பயந்தான்?" தேவதானத்திலிருந்து வரும் பையன் ஒரு கட்டுச் சுள்ளியைத் தலையில் வைத்துக்கொண்டே வந்தான். "மலை அங்கனேயே இருக்கு, நாங்களும் அங்கனேயே இருக்கோம். நடுவுல கோடு போட்டது யாரு? சுள்ளி பொறக்குனா பாரஸ்ட்காரக ஏன் பிடிக்காக?"

என் பெஞ்சுத் தோழி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவள் மாமா பருத்தி போட்டிருந்தார். அவள் ஒரு கையில் கருங்கண்ணிப் பருத்தி, ஒரு கையில் சீமைப் பருத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இது நம்ம மண்ணுல தானா வந்துச்சு, இது சீமை மிஷினுக்குத் தோதா நூல் நீளமா வேணும்னு வந்துச்சு. எங்க நிலத்துல என்ன வெளையணும்னு சீமையில இருக்கிற மிஷின் சொல்லுமா?" வகுப்பே மேசையைத் தட்டியது. பெஞ்சுக்குத் திரும்பியதும் என் காதில், "ஏமே, நீ எப்ப?" என்றாள்.

அங்கேதான் எனக்குச் சிக்கல். என்னிடம் ஒன்றுமே இல்லை. டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பாச்சை உருண்டையும் அப்பாவின் பழைய தொப்பியும்தான். அப்பாவிடமே கேட்டேன். ஷூவுக்கு மை போட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமல், "நம்ம வீட்டுல அவன் விட்டுட்டுப் போனது ஒண்ணும் கிடையாது" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் போட்ட ஷூவுக்கே மறுபடி மை போட்டார். அது இன்றைக்குத்தான் எனக்குக் கண்ணில் படுகிறது.

வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். எனக்கு அழுகை முட்டியது. டீச்சர் பார்த்தார்கள் போல. ஒரு நாள் காலை, "இன்னைக்கு நீ அட்டெண்டன்ஸ் எடுட்டி, நாற்காலியில உக்காந்து எடு" என்றார்கள். ஓடிப் போய் ஏறினேன். பெயர்களை வாசிக்க, ஒவ்வொருவராக, "உள்ளேன்" "உள்ளேன்" என்றார்கள். நாலைந்து பெயர் போனதும் என் குரல் தானாகவே மாறியது. இழுத்து, மூக்கால் கொஞ்சம், அதிகாரமாக. எங்கோ கேட்ட குரல். எங்கே?

தலையில் மின்னல் வெட்டியது. எங்கள் ஊர்ப் பூசாரி!

மம்சாபுரத்தைத் தாண்டி மலையைப் பார்த்துப் போகிற பாதையில் இருக்கிறது எங்கள் சொந்த ஊர். வருஷம் தவறாமல் பங்குனியில் கொடைக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, போவோம். காவல் தெய்வத்துக்குப் பொங்கல். கொட்டு முழங்கும், பிள்ளைகள் துள்ளும். ஆனால் பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். சாமி முகத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். எதிரே ஒரு நாற்காலி. பூசாரி கையில் கம்போடு அதில் வந்து உட்காருவார். ஆண்கள் எல்லோரும் வரிசையாகக் குத்தவைத்து உட்காருவார்கள். பூசாரி ஒவ்வொருவர் பெயரையும் அப்பா பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவார். செத்துப் போனவர்கள் பெயரும் உண்டு. ஒரே ஒரு விதி: தன் பெயருக்குத் தானே பதில் சொல்லக்கூடாது. மற்ற எல்லோரும் சேர்ந்து, "இருக்கான்!" என்று கத்த வேண்டும். யாரும் சிரிக்கமாட்டார்கள். ஒரு குழந்தை தும்மினால்கூட வாயைப் பொத்துவார்கள். கடைசிப் பெயர் முடிந்ததும் துண்டை எடுப்பார்கள். கொட்டு மறுபடி பொங்கும்.

இதற்குப் 'பேர் கூப்பிடுதல்' என்று பெயர். நான் அம்மாவோடு பெண்கள் கூட்டத்தில் நின்று பார்ப்பேன். பொறாமை என்றால் பொறாமை, அப்படி ஒரு பொறாமை! ஊரே சேர்ந்து நம்மை 'இருக்கா' என்று சொன்னால் எப்படி இருக்கும்! என் பெயரை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. பெண் பெயர் ஒன்றுகூடக் கிடையாது.

நாற்காலியில் உட்கார்ந்தபடி எனக்கு முதல் முறையாகத் தோன்றியது. நாற்காலி, கம்பு, வரிசை, அப்பா பெயரோடு பெயர். இது கோயிலில் நடக்கிற காரியம் மாதிரியே இல்லையே. ஸ்டேஷன் முற்றத்தில் தினமும் காலையில் நடக்கிற காரியம் அல்லவா!

வீட்டுக்கு ஓடினேன். அம்மா குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, பேரு எதுக்குக் கூப்பிடுதாக?"

"சாமி கணக்கெடுக்கு. தன் பிள்ளைக எல்லாம் இருக்கான்னு பாக்கு."

"சாமி பாக்கணும்னா எதுக்கு முகத்த மூடுதாக?"

கரண்டி நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள், குழம்பைப் பார்த்தாள். "நான் வாக்கப்பட்டு வந்தவ. மூடச் சொன்னா மூடுவாக, தொறக்கச் சொன்னா தொறப்பாக. எனக்கு என்னட்டி தெரியும்?" ஆனால் அவளுக்கும் அது குத்திவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

பின்னாலிருந்து அப்பா குரல். "இத எங்க கொண்டு போய்ச் சொல்லப் போற?"

"வெள்ளிக்கிழமை, வகுப்புல."

"சொல்லக்கூடாது."

"ஏம்ப்பா?"

"கூடாதுன்னா கூடாதுட்டி. படிக்கப் போன எடத்துல படிச்சிட்டு வா. ஊர்க்கதையச் சந்தியில விரிக்காத." அப்பா என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். துண்டு, நாற்காலி, அப்பா வேண்டாம் என்றது, எல்லாம். அவர்கள் கண் விரிந்தது. "ஏன் மூடுதாகன்னு எனக்குத் தெரியலையேட்டி! நெசமாவே தெரியல!" என்று கையைத் தட்டினார்கள். தெரியாததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு பெரிய ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சொல்லுன்னு நான் சொல்லமாட்டேன், சொல்லாதன்னும் சொல்லமாட்டேன். அது ஒங்க ஊரு, ஒங்க அப்பா. நாற்காலி மட்டும் அங்கனேயே கிடக்கும்" என்றார்கள்.

என் வயதுக்காரர்களே, ஒரு பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாரம் கொடுக்க முடியாது. சொல்லாவிட்டால் வகுப்பில் ஒன்றுமில்லாதவள் நான் ஒருத்திதான். சொன்னால் அப்பா. வியாழக்கிழமை கொக்கியைத் தேய்க்கும்போது என் முகம் அதில் கோணலாகத் தெரிந்தது. "எப்பா, நாளைக்கு நான் சொல்லப் போறேன்" என்று கொக்கியிடம் சொல்லிவிட்டுத் திரும்பினால், அப்பா வாசலில் நிற்கிறார். கேட்டாரா இல்லையா தெரியவில்லை. வாரை வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை. நாற்காலியில் உட்கார்ந்தேன். சாமிக்குப் பதிலாக மேசை மேல் உலக உருண்டையை வைத்து, டீச்சரின் முகம் துடைக்கும் துண்டால் மூடினேன். பையன்களை வரிசையாகக் குத்தவைக்கச் சொன்னேன். கையில் மர அடிக்கோல்தான் கம்பு. விதியைச் சொன்னேன்: தன் பெயருக்குத் தானே பதில் கூடாது. பூசாரி குரலை இழுத்துப் பிடித்து, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த முதல் பெயரைக் கூப்பிட்டேன். என் தாத்தாவின் பெயர். நான் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவர்.

வகுப்பு முழித்தது. யார் என்று அவர்களுக்குத் தெரியாதே. யார் பதில் சொல்வது? நான் மறுபடி கூப்பிட்டேன், இன்னும் சத்தமாக.

"இருக்காரு!"

ஜன்னல் கதவு அதிர்ந்தது. திரும்பினால் வாசலில் அப்பா. காக்கிச் சட்டை, தொப்பி, மினுமினுக்கிற கொக்கி. வேப்பமரத்தடியில் சரியாக நிறுத்தாத சைக்கிள் சாய்ந்து கிடக்கிறது. என்னை இழுத்துப் போகத்தான் வந்திருக்கிறார், முகமே சொல்லிற்று. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் வாய் தானாகத் திறந்துவிட்டது. சொன்ன பிறகு, தன் வாயைத் தானே பிடித்துக்கொள்கிற மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

டீச்சர், "வாங்க" என்றார்கள். பாய் கடைப் பையன்தான் வரிசையில் நகர்ந்து இடம் விட்டான். "இங்கன உக்காருங்க மாமா, கீழ."

அப்பா நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டு போட்ட உருண்டையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையில் குத்தவைத்தார்.

"எதுக்குப்பா முகத்த மூடுதாக?" நாற்காலியில் இருந்தவள் நான். கேட்காமல் விடலாமா?

அப்பா வாரைத் தளர்த்திவிட்டுக்கொண்டார். பிறகு வெளியே வந்தது பாருங்கள்.

"கைரேகைச் சட்டம்னு ஒண்ணு. எங்க ஆளுகள்ல பொறந்தாலே களவாணின்னு வெள்ளைக்காரன் எழுதி வச்சிட்டான்."

"பொறந்த பிள்ள என்னத்தத் திருடும் மாமா, பாலையா?" என்றாள் என் தோழி.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவன்கிட்ட அதக் கேக்க ஆளில்லையே தாயி. பொழுதடைஞ்சா ஆம்பளைக எல்லாரும் ஊர்ச் சாவடிக்குப் போகணும். வரிசையா உக்காரணும். போலீஸ்காரர் நாற்காலியில உக்காந்து பேரு கூப்பிடுவாரு. விடிய விடிய அங்கனதான் படுக்கை. ஒருத்தனுக்குப் பிள்ள பொறந்திருக்கும், பாக்க ஓடியிருப்பான். மத்தவன் அவனுக்காக 'இருக்கேன்'னு குரல் குடுப்பான். கொடை அன்னைக்கும் விடமாட்டாக. கொட்டு நின்னுரும். எங்க ஆளுக கைகட்டிப் போறத சாமி பாக்க வேண்டாம்னு முகத்துல துண்டப் போட்டுட்டுப் போவாக. நான் சின்னவன், எல்லாம் பாத்திருக்கேன்."

பையன்கள் அப்பாவுக்கு இன்னும் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"சட்டத்த எடுத்த பொறவு மொதக் கொடை வந்துச்சு. விளக்கு வைக்கிற நேரம். பழக்க தோசத்துல கொட்டு நின்னுட்டு, துண்டும் போட்டாச்சு. கூப்பிட ஆளு வரல. வரவேமாட்டான். எல்லாரும் எந்திரிச்சி நிக்காக, எங்க போகன்னு தெரியல. அப்ப நம்ம பூசாரி, எளவட்டம், சேட்டக்காரரு, கிறுகிறுன்னு போயி ஒரு நாற்காலியத் தூக்கிட்டு வந்து சாமி முன்னால போட்டாரு. கம்ப ஊனிட்டு, அந்தப் போலீஸ்காரரு மாதிரியே மூக்கால பேரு கூப்பிட்டாரு பாரு! எங்க அப்பா பேரக் கூப்பிடவும், அவிய வாயத் தொறக்கு முன்ன ஊரே 'இருக்கான்'னு கத்துச்சு. சிரிப்புன்னா சிரிப்பு! எங்க அப்பா மண்ணுல புரண்டு சிரிச்சாக. அவிய அப்படிச் சிரிச்சு நான் அன்னைக்குத்தான் பாத்தேன்."

"அப்ப அது நாடகமா!" பின்னாலிருந்து தேவதானத்துப் பையன் எழுந்தே விட்டான்.

"நாடகந்தாம்ல! வெளாட்டு! வருசா வருசம் போட்டாக. சின்னதுக கேட்டா என்ன சொல்ல? கூனிப் போயிருமேன்னு, சாமி கணக்கெடுக்குன்னு சொல்லிட்டோம். சொல்லிச் சொல்லி சிரிப்பெல்லாம் போயி பக்தியாயிட்டு."

வகுப்பு சும்மா இருக்குமா? கேள்வி மேல் கேள்வி. நாற்காலிக்குத் தள்ளுமுள்ளு. நான் இறங்கி இடம் விட்டேன். பாய் கடைப் பையன் ஏறி, "அப்ப நீங்க எதுக்கு மாமா போலீஸ்ல சேந்தீக?" என்றான்.

"பேரு கூப்பிடுத பக்கம் போயி நின்னுக்கிடலாம்னு நெனச்சேம்ல. இங்க வந்து பாத்தா, இங்கயும் காலைல பேரு கூப்பிட்டுத்தான் நிப்பாட்டுதாக."

சிரிப்புச் சத்தம் கேட்டு தலைமை ஆசிரியர் பிரம்போடு வந்தார். சீருடையில் ஒரு ஏட்டு தரையில் குத்தவைத்திருக்க, வகுப்பே சுற்றி நின்று கத்துகிறது. அவர் உள்ளே வைத்த காலை வெளியே எடுத்துக்கொண்டு, பிரம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி போய்விட்டார்.

கடைசியாக நாற்காலிக்குப் போனவள் என் தோழி. "ஆம்பளைக பூராவும் சாவடிக்குப் போயிட்டா, ராவுல ஊரு யாரு கையில இருந்துச்சு?"

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். "எங்கம்மா" என்றார். "தொழுவத்துல கம்ப வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. தூக்கம் வரக்கூடாதுன்னு அடுத்த தொழுவத்துக்காரியோட கதை பேசிக்கிட்டே இருப்பா. கம்மங்காட்டுக்குக் காவலு அவளுகதான். விடியக்கருக்கல்ல சாவடிக்குக் கஞ்சி கொண்டு போறதும் அவளுகதான்." பிறகு யாரிடமோ கேட்பது போலச் சொன்னார், "இத ஒருத்தரும் கேட்டதில்லையே."

டீச்சர் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கரும்பலகை ஓரத்தில் அழியாமல் கிடந்த 'யாருக்கு?' என்பதற்குக் கீழே 'யார்?' என்று மட்டும் எழுதினார்கள். நான் உருண்டையிலிருந்து துண்டை எடுத்தேன்.

திரும்பும்போது அப்பா என்னைச் சைக்கிள் முன்கம்பியில் ஏற்றிக்கொண்டார். "கூனிப் போவீகன்னு நெனச்சேன்" என்றார். நான் வீடு வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில்கூட மூச்சு விட்டதாக நினைவில்லை.

நம் பெரியவர்கள் நம்மை எவ்வளவு குறைவாக எடை போட்டுவிட்டார்கள், பார்த்தீர்களா? வெட்கப்படுவோம் என்று பயந்து, நம்மிடமிருந்து வெட்கத்தை மறைத்தார்கள். அதோடு சேர்த்து அந்தச் சிரிப்பையும் பூட்டி வைத்துவிட்டார்கள். என் தாத்தா மண்ணில் புரண்டு சிரித்தவர் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.

பங்குனிக் கொடை வந்தது. டீச்சர் பால்கோவாப் பொட்டலத்தோடு பஸ் ஏறி வந்திருந்தார்கள். என் தோழியையும் கூட்டி வந்தார்கள். அப்பா நேரே பூசாரியிடம் போனார். "மாமா, மொதக் கொடையில நீங்க போட்ட கூத்த எம்மக வகுப்புல சொல்லிட்டேன்."

பூசாரிக்குப் பல் கொட்டிவிட்டது, மீசை வெளுத்துவிட்டது. அப்பாவை உற்றுப் பார்த்து, "சிரிச்சாகளா?" என்றார்.

"உருண்டு சிரிச்சாக."

"எனக்கும் வருசா வருசம் சிரிப்பு முட்டிக்கிட்டுத்தாம்ல வருது. எளவட்டப் பயலுக கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டு நிக்கானுவ. சிரிச்சா சாமி குத்தமாயிருமோன்னு நானே பயந்து போயிட்டேன்!"

அம்மா குறுக்கே வந்தாள். பூசாரி முன்னால் அவள் பேசி நான் கேட்டதில்லை. "மாமா, ராவெல்லாம் ஊர் காத்தவளுக பேரு எதுல இருக்கு?" என்றாள்.

பூசாரி தாடையைச் சொறிந்துகொண்டார். கம்பை எடுத்துக்கொண்டு சாமி பக்கம் நடந்தார்.

விளக்கு வைக்கும் நேரம். கொட்டு நின்றது. சாமி முகத்தில் துண்டு விழுந்தது. நாற்காலி வந்தது. பூசாரி உட்கார்ந்து கம்பை ஊன்றினார். முதல் பெயரே என் தாத்தா பெயர், மூக்கால், இழுத்து. "இருக்கான்!" என்ற கூச்சலோடு அப்பா மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். இளவட்டங்கள் திரும்பி முறைத்தார்கள். பூசாரியும் சிரித்தார். அந்தப் பொக்கை வாய்ச் சிரிப்பைப் பார்த்ததும் வரிசையில் ஒருவர், அவர் பக்கத்தில் ஒருவர் என்று பற்றிக்கொண்டது. பழைய ஆட்களுக்குத்தான் முதலில். தொடையில் தட்டிச் சிரித்தார்கள். "அந்தப் போலீஸ்காரரு மூக்கேதாம்லே!" என்றார் ஒருவர், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே. ஏன் என்று தெரியாமலே பிள்ளைகளும் சிரித்தார்கள்.

ஆண்கள் பெயர் முடிந்தது. துண்டை எடுக்கக் கை நீண்டது. பூசாரி கம்பால் தடுத்தார். "பொறுலே. இன்னும் முடியல." திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். என் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார், அவள் அம்மாவின் பெயரோடு சேர்த்து.

அம்மா பதறிப்போய், "இருக்கேன் மாமா!" என்றுவிட்டாள். ஊரே ஓ என்று கத்தியது. "தன் பேருக்குத் தானே சொல்லுதா பாரு, களவாணி!" என்று யாரோ சொல்ல, அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

அடுத்து, அம்மா பெயரைச் சொல்லி, மகள் என்று சொல்லி, என் பெயர். இத்தனை வருஷம் நான் அந்தக் கூட்டத்தில் நின்று கேட்டுக் கேட்டு ஏங்கிய குரலில், என் பெயர்.

வாய் துடித்தது. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன். டீச்சர் என் தோளைப் பிடித்திருந்தார்கள். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் பெயருக்குக் குரல் கொடுத்து அந்த ஊருக்குப் பழக்கமில்லையே.

"இருக்கா!"

லைன் வீட்டு நாய்களை எழுப்புகிற அதே சத்தம். வரிசையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார் அப்பா. "ஏட்டு, குரல் பத்தல" என்றார் பூசாரி. அடுத்த தடவை ஊர் மொத்தமும் கத்தியது; என் தோழி கத்தினாள்; டீச்சர் என் காதுக்குப் பக்கத்திலேயே கத்தினார்கள்.

என் ஆயுளில் நான் வாயைத் திறக்காமல் நின்றது அந்த ஒரு தடவைதான்.